லெகார்ன் வாங்கியாச்சா? முட்டையை அப்புறம் கேட்கலாம்

சித்தி மகன் கேட்டான், பால்காரர் கேட்டார், போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒருத்தர்கூடப் பேச்சுவாக்கில் அதையே கேட்டார்: "லெகார்ன் கோழி வாங்கினா வருஷத்துக்கு முந்நூறு முட்டைன்னாங்க, வந்து இத்தனை நாளாச்சு, ஒண்ணைக்கூடக் காணோமே?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் தெரிந்ததையெல்லாம் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முந்நூறு என்பது பொய்யில்லை. நாமக்கல் பக்கம் பண்ணைகளில் இருக்கும் வெள்ளைக்கோழிகள் பெரும்பாலும் லெகார்ன் வழி வந்தவைதான், பிவி-300 போன்ற ரகங்கள், தீவனமும் வெளிச்சமும் சரியாகக் கிடைத்தால் அந்தக் கணக்கைத் தாண்டவும் செய்யும். சிக்கல் எங்கே என்றால், நாமெல்லாம் நாட்டுக்கோழியைப் பார்த்து வளர்ந்தவர்கள், அந்தக் கண்ணோடுதான் லெகார்னையும் பார்க்கிறோம். எங்கள் அம்மாயி வீட்டில் கோழியை யாரும் பழக்கியதே கிடையாது. குஞ்சு பொரித்த ஒன்றிரண்டு நாளிலேயே தாய்க்கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்பி, இது குருணை, இது தண்ணி, மேலே நிழல் ஓடினால் பருந்து, பொழுது சாய்ந்தால் இந்தக் கிளையில் ஏறு என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடும். நாம் காலையில் திறந்துவிட்டு ராத்திரி எண்ணிப் பார்த்து அடைத்தால் போதும்.

லெகார்ன் வளர்ந்த கதை வேறு. இன்குபேட்டரில் பொரித்து, புரூடர் விளக்குச் சூட்டில் நாலைந்து வாரம் கிடந்து, அப்புறம் கம்பிக் கூண்டுக்கு மாறி, மண்ணை மிதிக்காமல், குழாயில் மாட்டின நிப்பிளைக் கொத்தினால் சொட்டும் தண்ணீரை மட்டும் குடித்து, எந்நேரமும் கழுத்துக்கு எட்டின தூரத்தில் தீவனம் இருந்து பழகி, 16 வாரம் ஆனதும் நம் வீட்டுக்கு வருகிறது. அது தாய்க்கோழியைப் பார்த்ததே இல்லை. அதன் தாயும் பார்த்ததில்லை, பாட்டியும் பார்த்ததில்லை. ஆக, அந்த வேலை நம் தலையில்தான் விழுகிறது. குடிக்க, ஏற, அடைய, முட்டையிட, எல்லாம் நாம்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போதே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். சந்தையிலும் வண்டியில் வைத்துக் கூவி விற்கிறவர்களிடமும் கிடைக்கும் வெள்ளைக்கோழி பெரும்பாலும் பண்ணையில் முட்டை குறைந்ததும் கழித்துவிட்ட கோழி, 72 வாரமோ 80 வாரமோ தாண்டியது. அதையே "விடைக்கோழிங்க, இன்னும் பத்து நாள்ல முட்டை வெச்சிரும்" என்று சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். காலைப் பாருங்கள். லெகார்ன் விடைக்கு, அதாவது இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளம் பெட்டைக்கு, கால் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், அலகும் மஞ்சள். முட்டையிட ஆரம்பித்தபின் தீவனத்தில் வருகிற மஞ்சள் நிறமெல்லாம் கருவுக்குப் போய்விடுவதால் உடம்பு ஒவ்வொரு இடமாக வெளுக்கும்: முதலில் ஆசனவாயைச் சுற்றி, அடுத்து கண் வளையம், காது மடல், அலகு, கடைசியில்தான் கால். கால் வரை வெளுத்துவிட்டது என்றால் அது பல மாதமாக முட்டை போட்டுத் தள்ளிய கோழி, சந்தேகமே வேண்டாம். கழித்த கோழியை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விலை மலிவு, இடம் மாறின அதிர்ச்சியில் இறகு உதிர்த்து, ஓய்வெடுத்து, புது இறகு முளைத்து மறுபடி முட்டைக்கு வரும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தெரிந்து வாங்கினால் சரி, விடைக்கோழி விலை கொடுத்து வாங்கினால்தான் வயிற்றெரிச்சல். விற்கிறவரிடம் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எப்போது போட்டது, அம்மைக்குப் போட்டாயிற்றா, குடற்புழு மருந்து எப்போது கொடுத்தது, இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்கலாம்.

நாங்கள் ஆறு விடை வாங்கியது ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில். அங்கே மேற்பார்வை பார்க்கிற அண்ணன் கோழியைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, கொஞ்ச நாளைக்கு இதுககிட்ட முட்டையக் கேக்காதீங்க. தண்ணி குடிச்சுதா, தீனி எடுத்துதா, அத மட்டும் கேளுங்க." இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

சாயங்காலம் வெயில் தாழ ஏற்றி, இருட்டினதும் வீட்டில் இறக்குவது நல்லது. பகலில் இறக்கினால் புது இடத்தைக் கண்டு மிரண்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அமுக்கிக்கொள்ளும், லெகார்னுக்கு இயல்பிலேயே மிரட்சி அதிகம். இருட்டில் இறக்கினால் அப்படியே உட்கார்ந்துவிட்டு, விடியும்போது மெதுவாகச் சுற்றுமுற்றும் பார்க்கும். அன்று ராத்திரி தீவனத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் வெல்லம் கரைத்து வையுங்கள்.

தண்ணீர் சின்ன விஷயம் என்று நினைப்போம், அங்கேதான் இடிக்கும். நிப்பிளில் குடித்துப் பழகிய கோழிக்குச் சட்டியில் தளும்புகிற தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. சட்டி நிறைய இருக்கும், பக்கத்திலேயே கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகப் பிடித்து அலகின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், மூக்குத்துளை நனையக் கூடாது. முதல் தடவை தலையை உதறும், அடுத்த தடவை அண்ணாந்து விழுங்கும், அந்தத் தொண்டை அசைவைப் பார்த்தால் விட்டுவிடலாம். ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். இல்லையென்றால் தீவனக் கடையில் நிப்பிள் கிடைக்கும், பழைய பெயின்ட் வாளியின் அடியில் இரண்டு துளை போட்டு மாட்டித் தொங்கவிடுங்கள், சிவப்பு நிப்பிளைக் கண்டதும் ஓடிவந்து கொத்தும், சட்டிக்கு மெதுவாகப் பழக்கிக்கொள்ளலாம். ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அதன் விளைவு பல நாள் இழுக்கும்.

தீவனத்தில் எல்லாரும் செய்வது, வந்த அன்றே கம்பு, சோளம், பழைய சோறு என்று முற்றத்தில் இறைப்பது. இந்தக் கோழிகளுக்குச் சின்ன வயதிலேயே மூக்கு, அதாவது அலகு நுனி, வெட்டியிருப்பார்கள், ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருப்பதற்காக. மேல் அலகு மழுங்கியிருப்பதால் தரையில் கிடக்கும் ஒற்றைத் தானியத்தைப் பொறுக்குவதற்குள் நாட்டுக்கோழி பத்தைப் பொறுக்கிவிடும். அதனால் ஆழமான தொட்டியில், கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டு, நாலு விரல் உயரத்துக்குத் தீவனம் நிற்கிற மாதிரி வையுங்கள். பண்ணையில் கொடுத்த அதே தீவனம் ஐந்தாறு கிலோ கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நம் தீவனத்தைக் கலந்து மாற்றினால் வயிறு கெடாது. முட்டைக்கோழிக்கான லேயர் தீவனம் என்றால் ஒரு கோழிக்கு 110 கிராம் கணக்கு, ஆறு கோழிக்கு முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். சோறு கொடுக்காதே என்றால் வீட்டில் சண்டை வரும், அதனால் சாயங்காலம் ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். சோறும் தவிடும் தின்று வயிறு நிறைந்த கோழி லேயர் தீவனத்தைத் தொடாது, கொழுப்பு சேரும், முட்டை வராது. முருங்கைக்கீரை, தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா எல்லாம் தாராளமாகப் போடலாம், கரு நல்ல நிறமாக வரும்.

வந்த ஒரு வாரம் பத்து நாளைக்குக் கொட்டகையை விட்டு வெளியே விடவே கூடாது. பாவம் என்று திறந்துவிட்டால் வேலி தாண்டிப் பறந்து போய்விடும். லெகார்ன் எடை ஒன்றரைக் கிலோவுக்குள்தான், ஆறடி வேலியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வரும் வழி தெரியாது, ராத்திரி எங்காவது தரையில் உட்கார்ந்திருக்கும், கீரிப்பிள்ளையும் மரநாயும் பார்த்துக்கொள்ளும். ஒரு சிறகில் மட்டும் பெரிய இறகுகளைக் கத்தரித்துவிட்டால் பறக்கும்போது சமநிலை தப்பும், இது நல்ல வழி. அப்புறம் முதன்முதலாகத் திறந்துவிடும்போது காலையில் திறக்காதீர்கள், கோழி அடையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் திறங்கள். தூரம் போக நேரமிருக்காது, பொழுது மசங்கியதும் தெரிந்த இடத்துக்கே திரும்பும். சில நாள் இப்படிச் செய்தபின் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

அடைவதைக்கூடச் சொல்லித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொட்டகைக்குள் அழகாகக் கழி கட்டி வைத்திருப்பீர்கள், அவை கழிக்குக் கீழே தரையில் மூலையில் குமிந்து கிடக்கும். தன் எச்சத்தின்மேலேயே படுத்தால் நெஞ்சு இறகு நனைந்து பேனும் செள்ளும் ஏறும். இருட்டினபின் டார்ச்சைக் கையால் பாதி மறைத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியில் வையுங்கள், ராத்திரியில் கண் தெரியாததால் எதிர்க்காது. முதலில் ஒன்றரை அடி உயரம் போதும், இரண்டு அங்குல அகலமுள்ள சட்டம், ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம். சில ராத்திரி இதைச் செய்தால் ஒன்றிரண்டு தானாக ஏறும், அப்புறம் மேலே நல்ல இடம் பிடிக்கச் சண்டை போடுவதைப் பார்க்கலாம்.

சரி, முட்டைக்கு வருவோம். 18 வாரத்திலிருந்து 20 வாரத்துக்குள் தொடங்க வேண்டிய கோழி, இடம் மாறியதில் இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடும். ஏற்கெனவே முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியும் வந்த இடத்தில் நிறுத்திவிடும். இதற்கெல்லாம் டாக்டரைத் தேட வேண்டியதில்லை, கொண்டையைப் பாருங்கள். வந்தபோது வெளிறிய ரோஸ் நிறத்தில் சின்னதாக விறைத்து நின்ற கொண்டை, வாரத்துக்கு வாரம் தடித்துச் சிவந்து, தொட்டால் சூடாக, மெழுகு தடவின பளபளப்போடு வளரும், ஒரு கட்டத்தில் தன் கனம் தாங்காமல் வாடின செம்பருத்தி இதழ் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கண்ணை மறைக்கும். அப்படிச் சாய்ந்துவிட்டால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம், நீங்கள் முதுகுக்கு மேலே கையைக் கொண்டுபோனால் ஓடாமல் சிறகைப் பாதி விரித்துக் குந்தும். அதுவரை கையைக் கண்டாலே பறந்தடித்த கோழி இது. பின்பக்கத்தில் இருபுறமும் இடுப்பெலும்பு நுனி தட்டுப்படும், நடுவில் ஒரு விரல்கூட நுழையாமல் இருந்தால் இன்னும் நாளிருக்கிறது, இரண்டு மூன்று விரல் நுழைந்தால் தயார்.

இந்த நேரத்தில் முட்டைக்கூடு தயாராக இருக்க வேண்டும். கம்பித் தரையில் சரிந்து உருண்டுபோகும் இடத்தில் முட்டையிட வளர்க்கப்பட்ட கோழிக்குக் கூடு என்றால் என்னவென்றே தெரியாது, நின்ற இடத்தில் போட்டுவிட்டுப் போகும். பக்கவாட்டில் படுக்க வைத்த பெயின்ட் வாளி, பழைய பிரம்புக்கூடை, எதுவானாலும் சரி, ஓரடி அகலம், உள்ளே இருட்டு, வைக்கோல் மெத்தை, நாலைந்து கோழிக்கு ஒன்று, கழியைவிடத் தாழ்வாக. உயரமாக வைத்தால் ராத்திரி அதில் ஏறிப் படுத்து எச்சமிடும். உள்ளே முட்டை அளவில் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லோ, சுண்ணாம்பு அடித்த மரக்கட்டையோ போட்டு வையுங்கள், பழைய கோல்ஃப் பந்து கிடைத்தால் ரொம்ப நல்லது. கோழி அதைப் பார்த்து, இங்கே யாரோ முட்டையிட்டிருக்கிறார்கள், ஆபத்தில்லை என்று நம்பிவிடும். லெகார்ன் பெரும்பாலும் விடிந்து சில மணி நேரத்துக்குள் முட்டையிடும், அதனால் காலை பத்து பதினொரு மணி வரை கொட்டகையை அடைத்தே வையுங்கள். கூடு பழகிவிட்டால் அப்புறம் வேலிப்பக்கம் முட்டை தேடி அலைய வேண்டாம். தரையில் போட்டால் உடனே எடுத்துவிடுங்கள், உடைந்து ருசி கண்டுவிட்டால் முட்டை தின்னும் பழக்கம் வரும், அதை மாற்றுவது பெரும்பாடு.

வெளிச்சத்தைப் பற்றிப் பண்ணைக்காரர்களைத் தவிர வேறு யாரும் பேசுவதில்லை. கோழிக்கு முட்டைச் சுரப்பைத் தூண்டுவது பகல் நீளம்தான். நம் ஊரில் மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரம், ஆனியில் பன்னிரண்டே முக்கால், பண்ணையில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் கொடுப்பார்கள். வீட்டுக் கோழிக்கு அவ்வளவு தேவையில்லை, 14 மணி வந்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஒரு எல்.இ.டி பல்பும் டைமரும் போதும். விளக்கை ராத்திரியில் நீட்டாமல் விடியலுக்கு முன்னால் போடுங்கள், ஏனென்றால் ராத்திரி திடீரென்று விளக்கு அணைந்தால் கழியில் ஏறாத கோழிகள் இருட்டில் தடுமாறும். 18 வாரத்துக்கு முன்னால் விளக்குப் போட்டு அவசரப்படுத்தக் கூடாது. உடம்பு முழுசாக வளராத கோழி முட்டையிட்டால் முட்டைக்குழாய் வெளித்தள்ளலாம், அதைக் கண்டு மற்றவை கொத்த ஆரம்பித்தால் அந்தக் கோழி பிழைக்காது. வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டினால் சரியாக இருக்கும்.

சுண்ணாம்புச் சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது, ஓடு உருவாக இருபது மணி நேரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி கோழி தூங்கும் நேரம். அதனால் கிளிஞ்சலைப் பொடியாக்காமல் பருக்கையாகத் தனிக் கிண்ணத்தில் சாயங்காலம் வையுங்கள், இரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும். ஆனால் முட்டைக்கு வராத விடைக்கு லேயர் தீவனத்தை ரொம்ப முன்கூட்டியே கொடுத்தால் சிறுநீரகத்துக்குக் கெடுதல், கொண்டை சிவக்கிற வரைக்கும் வளரும் கோழிக்கான குரோயர் தீவனமே போதும்.

முதல் முட்டை சின்னதாகத்தான் இருக்கும், நாற்பது நாற்பத்தைந்து கிராம், ஓட்டில் மெல்லிய ரத்தக் கோடு இருந்தாலும் பயப்பட வேண்டாம். சில நாள் தோல்முட்டை, சில நாள் இரட்டைக் கரு, இதெல்லாம் ஒரு மாதத்தில் சீராகிவிடும். எங்கள் வீட்டில் முதல் முட்டையை அம்மா உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றார். அடை காக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்தக் குணத்தைக் கழித்துக் கழித்துத்தான் இந்த ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள், அடையில் உட்காராததால்தான் வருஷம் முழுக்க முட்டை வருகிறது. சேவலும் தேவையில்லை, குஞ்சு வேண்டுமென்றால் மட்டும் தேவை.

ஏற்கெனவே நாட்டுக்கோழி வைத்திருக்கிறவர்கள் மூன்று நான்கு வாரமாவது இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். நடுவில் கம்பிவலை இருந்தால் முகம் பழகிவிடும், அப்புறம் ஒருநாள் ராத்திரி அடைந்தபின் சேர்த்துவிடுங்கள். தீவனத் தொட்டி இரண்டு இடத்தில் இருக்கட்டும், நம் நாட்டுப்பெட்டை ஒன்று போதும், ஆறு லெகார்னையும் பட்டினி போட்டுவிடும். பிப்ரவரியில் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் நடத்தும், இரண்டு கூட்டத்தையும் அப்போது கொண்டுபோங்கள்.

வெயில் காலத்தில் திரும்ப ஒருமுறை "முட்டை குறைஞ்சு போச்சு" என்று கேட்பீர்கள் என்பதால் இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கோழிக்கு வியர்வை கிடையாது, பெரிய கொண்டை வழியாகவும் வாயைப் பிளந்து இரைத்தும்தான் சூட்டை வெளியேற்றும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு மெலியும், கிளிஞ்சல் எவ்வளவு வைத்தாலும். சித்திரையில் கூரைமேல் தென்னை ஓலை போட்டு நனையுங்கள், தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வைத்து மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள், தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தபிறகும் பிரித்து வையுங்கள், நடுப்பகலில் எப்படியும் தின்னாது.